வாவியும் துடுப்புப் பலகையும்

(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் சமயத்தைப் பற்றியோ, தமிழைப் பற்றியோ, இளைஞர் கடமையைப் பற்றியோ பேசுவது வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு பலகை. கேட்பதற்குச் சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பலகையின் மேலே நிற்பவர்கள் உங்கள் பிள்ளைகள். அதன் கீழே இருப்பது எங்கள் மட்டக்களப்பு வாவி. ஆதலால் விஷயம் சிறியதன்று என்பது எமது துணிபு.

அண்மைக் காலமாக எங்கள் வாவியிலே ஒரு புதிய காட்சியைக் காண்கிறோம். நீண்ட பலகையொன்றின் மேல் ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார். கையிலே நீண்ட துடுப்பு. மோட்டார் இல்லை, பாய் இல்லை. ஓசையின்றி நீர்மேல் செல்கிறார். இதனை ஆங்கிலேயர் 'ஸ்ராண்ட் அப் பாடில் போர்ட்' என்பர். நாம் துடுப்புப் பலகை என்று வைத்துக்கொள்வோம். முதலில் வெளிநாட்டுப் பயணிகளே இதில் ஏறினார்கள். இப்பொழுது எங்கள் இளைஞர்களுக்கும் ஆசை பிறந்துவிட்டது. "மன்றத்துக்கு இரண்டு பலகை வாங்கினால் என்ன?" என்று தம்பிமார் கேட்கிறார்கள். "பிள்ளைகளை ஆற்றுக்குப் பலி கொடுக்கவா மன்றம் வைத்திருக்கிறோம்?" என்று பெரியோர் கேட்கிறார்கள். இரு கேள்விகளும் நியாயமானவையே. இரண்டுக்கும் விடை காண முயல்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில், இது அந்நிய விளையாட்டு என்ற குறையை எடுத்துக்கொள்வோம். பெயர் அந்நியந்தான். ஹவாய்த் தீவுகளிலே வைக்கீக்கிக் கடற்கரையில் அலைச்சறுக்குப் பழக்கிய ஆசிரியர்கள், 1940களிலும் 1950களிலும், மாணவர்களைப் பார்த்துக்கொள்வதற்காகப் பலகைமேல் எழுந்து நின்று துடுப்பு வலித்தார்கள். 2000ஆம் ஆண்டுக்குப் பின்பு லெயர்ட் ஹமில்டன் போன்ற அலைச்சறுக்கு வீரர்களால் அது உலகெங்கும் பரவியது. ஆனால் நீர்மேல் நின்றுகொண்டு செல்வது எங்களுக்குப் புதுமையா? எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் தோணியின் பிற்பகுதியில் நின்று, கோலை ஊன்றி ஊன்றித் தள்ளிச் செல்லும் மீனவரை யார் காணவில்லை? ஒரு காலைப் பின்வைத்து, முழங்காலைச் சற்றே தளர்த்தி, கண்ணைத் தூரத்திலே நாட்டி அவர் நிற்கும் நிலைதான் இந்தப் புதிய வித்தையின் முதற் பாடம். ஆசிரியர் வீட்டு வாசலிலே இருக்கையில் நாம் பாடத்தைக் கடல் கடந்து தேடவேண்டியதில்லை.

எனினும் தோணி வேறு, பலகை வேறு. தோணிக்கு விளிம்பு உண்டு, பலகைக்கு இல்லை. தோணியிலிருந்து விழுவது விபத்து. பலகையிலிருந்து விழுவது பாடத்தின் ஒரு பகுதி. விழுவது நிச்சயம் என்று தெரிந்த பின்பு, விழுந்தவன் எழுவதற்கு வேண்டியதை முன்கூட்டியே தேடிக்கொள்வதுதான் அறிவுடைமை.

இனிப் பலகையைத் தெரிந்தெடுக்கும் முறையைப் பார்ப்போம். பலகைகள் இருவகைப்படும். ஒன்று, உள்ளே இலேசான நுரைப்பொருளும் வெளியே கண்ணாடி நாரும் பிசினும் கொண்ட கட்டிப் பலகை. மற்றது, காற்றடைத்த பலகை. கட்டிப் பலகை நீரிலே வேகமாக வழுக்கிச் செல்லும். ஆனால் பாரிலே மோதினால் உடையும். வைப்பதற்கு நீண்ட கொட்டில் வேண்டும். கொண்டுபோவதற்கு வாகனம் வேண்டும். காற்றுப் பலகையைச் சுருட்டி ஒரு பையிலே போட்டு முதுகில் தூக்கிச் செல்லலாம். அதன் உள்ளே மேற்தோலையும் கீழ்த்தோலையும் ஆயிரக்கணக்கான நூலிழைகள் இணைத்து நிற்பதால், காற்று நிறைந்ததும் அது உப்பிப் பந்தாகாமல் தட்டையாகவே நிற்கிறது. சதுர அங்குலத்துக்கு 12 முதல் 15 இறாத்தல் வரை அழுத்தம் கொடுத்தால் மரப்பலகை போல விறைத்துக்கொள்ளும். கடைகளில் விற்கும் காற்று மெத்தையும் இதுவும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. காற்று மெத்தை குழந்தைகளின் விளையாட்டுப் பொருள். அதனை நம்பி வாவியில் இறங்குவது ஆபத்து.

பலர் கூடிப் பயன்படுத்தும் எங்கள் போன்ற மன்றத்துக்குக் காற்றுப் பலகையே பொருத்தமானது என்பது எமது அபிப்பிராயம். புதிதாகப் பழகுபவர் அதன்மேல் விழுந்தாலும் காயம் குறைவு. ஆனால் ஒரு எச்சரிக்கை. எங்கள் வெயில் பொல்லாதது. காலையில் நிறைத்த காற்று நண்பகலில் சூடேறி விரியும். மணலிலே வெயிலில் போட்டுவிட்டுச் சோறுண்ணப் போனால், திரும்பி வரும்போது தையல் பிரிந்திருக்கலாம். நீரைவிட்டு ஏற்றியதும் நிழலிலே வைக்கவேண்டும். அல்லது சிறிது காற்றைத் திறந்துவிடவேண்டும். உவர்நீர் பட்டதை நன்னீரால் கழுவி வைப்பதும் நன்று.

அளவைப் பற்றி இளைஞர் பலர் தவறாக எண்ணுகிறார்கள். நீண்டு ஒடுங்கிய பலகை அழகாயிருக்கிறது, வேகமாகவும் போகிறது; ஆதலால் அதுவே வேண்டும் என்கிறார்கள். பந்தயப் பலகை 14 அடி நீளம் இருக்கும். அதன்மேல் நிற்கப் பல மாதப் பழக்கம் வேண்டும். புதியவருக்கு 10 முதல் 11 அடி நீளமும், 32 முதல் 34 அங்குல அகலமும் கொண்ட பலகையே நல்லது. நீளம் வேகத்தைத் தரும். அகலம் உறுதியைத் தரும். முதலில் உறுதி, பின்புதான் வேகம். பருமன் 6 அங்குலம் இருந்தால் நடுவிலே தொய்யாது. ஆர்க்கிமிடீஸ் கண்ட விதியை நாம் எல்லோரும் பாடசாலையிலே படித்திருக்கிறோம். ஒரு லீற்றர் நீரை விலக்கும் பொருளை நீர் ஏறக்குறைய ஒரு கிலோ எடையளவுக்கு மேலே தாங்குகிறது. மேற்சொன்ன அளவிலான பலகை 300 லீற்றர் வரை கொள்ளும். ஆகவே மூழ்கிவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் பாரம் மிகுந்தால் பலகை தாழ்ந்து தள்ளாடும். பலகையிலே எழுதியிருக்கும் எடையெல்லைக்கு நன்றாகக் கீழே நிற்கவேண்டும். ஒருவருக்கான பலகையில் நண்பனையும் ஏற்றிக்கொண்டு புகைப்படம் எடுப்பது வீரமன்று.

பலகையின் அடியிலே மீன் செட்டையைப் போல ஒரு தகடு உண்டு. நேராகச் செல்வதற்கு அதுவே துணை. எங்கள் வாவியோ பெரும்பாலும் ஆழங்குறைந்தது. ஆற்றுவாழையும் பாசியும் பல இடங்களில் செறிந்து கிடக்கின்றன. நீண்ட செட்டை சேற்றிலே குத்தும், பாசியிலே சிக்கும். குத்தி நின்றதும் மேலே நிற்பவர் முன்னே பாய்வார். ஆகவே குட்டையான, பின்னோக்கிச் சாய்ந்த செட்டையே இவ்விடத்துக்கு ஏற்றது.

துடுப்போ நிற்பவரின் உயரத்தைவிட 6 முதல் 10 அங்குலம் கூடுதலாக இருக்கவேண்டும். பலர் மாறி மாறிப் பழகும் மன்றத்துக்கு, நீட்டிக் குறைக்கக்கூடிய துடுப்பே சிக்கனம். அதன் இலை தண்டிலிருந்து சற்றே வளைந்திருக்கும். அந்த வளைவு முன்னோக்கி இருக்கும்படி பிடிக்கவேண்டும். அகப்பையைப் பிடிப்பது போலத் திருப்பிப் பிடிப்பவர்களே அநேகர்.

இனி உயிரைக் காக்கும் இரு பொருள்களுக்கு வருவோம். ஒன்று மிதவைச் சட்டை. மற்றது பலகைக்கும் ஆளுக்கும் இடையிலான கயிறு. "எனக்கு நீந்தத் தெரியும், சட்டை எதற்கு?" என்று கேட்கும் தம்பிமார் உண்டு. திருநாவுக்கரசு நாயனாரைக் கல்லோடு கட்டிக் கடலிலே இட்டபோது அந்தக் கல்லே தெப்பமாகி அவரைத் திருப்பாதிரிப்புலியூரில் கரையேற்றியது. அது அப்பருடைய பக்தியின் பெருமை. எங்களிடம் அந்தப் பக்தி வரும்வரை மிதவைச் சட்டை அணிந்துகொள்வதே நலம்! தலையில் அடிபட்டவனுக்கு நீச்சல் மறந்துபோகும், சட்டைக்கு மறதியில்லை. அமெரிக்க நாட்டுக் கரையோரக் காவற்படை 2008ஆம் ஆண்டிலேயே இந்தப் பலகையை ஒரு கலமாகக் கணித்து, அலைச்சறுக்கு, குளிப்பு எல்லைகளுக்கு அப்பால் செல்வோரிடம் மிதவைச் சட்டை இருக்கவேண்டும் என்று விதித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை யூலை 25ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் தினமாகப் பிரகடனம் செய்தது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் எமக்கு அந்த நாள் பிறநாட்டார் நாளன்று.

கயிற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். விழுந்தவனைவிட்டுப் பலகை விலகிப் போகாமல் காப்பது கயிறு. காற்றடிக்கும்போது பலகை ஓடும் வேகத்தில் எந்த நீச்சல்காரனும் நீந்த முடியாது. ஆகவே கயிறு கட்டாயம் வேண்டும். ஆனால் அதை எங்கே கட்டுவது? கடலலையில் விளையாடுவோர் கணுக்காலில் கட்டுவர். எங்கள் வாவியிலோ வலை கட்டிய கம்புகள் உண்டு, பாலத்தூண்கள் உண்டு, கண்டல் வேர்கள் உண்டு, மாரியிலே நீரோட்டமும் உண்டு. கயிறு ஒரு கம்பிலே சுற்றி நீரோட்டம் இழுத்தால், கணுக்காலிலுள்ள முடிச்சுக்குக் கை எட்டாது, கயிறே எமனாகிவிடும். ஆதலால் இடுப்பிலே பட்டியாகக் கட்டி, ஒரு குமிழைப் பிடித்து இழுத்த மாத்திரத்தில் கழன்றுவிடும் கயிறே எமக்குத் தகுந்தது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு இடக்கையாலும் வலக்கையாலும் கழற்றப் பழகிய பின்பே நீரில் இறங்கவேண்டும்.

உடையும் கவனிக்கத்தக்கது. நனைந்தால் காலைச் சுற்றும் வேட்டியும் துப்பட்டாவும் நீருக்கு ஆகாதவை. உடம்போடு ஒட்டிய, வெயிலை மறைக்கும் முழுக்கை உடை சகோதரர்களுக்கும் சகோதரிகளுக்கும் ஒருங்கே பொருந்தும். நாகரிகத்துக்கும் பங்கம் இல்லை. சிப்பியும் கண்ணாடித் துண்டும் காலைக் கிழிக்காமல் றப்பர்ச் சப்பாத்தும் அணியலாம்.

ஏறி நிற்கும் முறையை இரண்டொரு வார்த்தையில் சொல்வோம். முழங்கால் அளவு நீரிலே, முதலில் பலகையின் நடுவில் முழந்தாளிட்டு வலிக்கவேண்டும். தளம்பல் அடங்கியதும் ஒவ்வொரு காலாக ஊன்றி எழுந்து, கால்களைத் தோளகலம் விரித்து, தூரத்தைப் பார்த்து நிற்கவேண்டும். காலைப் பார்த்தவன் விழுவான். மிஷன் பாடசாலையிலே படித்த எம்மைப் போன்றோருக்குப் பேதுருவின் கதை தெரியும். நீர்மேல் நடந்து வந்தவர், காற்றைக் கண்டு அஞ்சிய கணத்திலே அமிழத் தொடங்கினார். நம்பிக்கையைப் பற்றிய கதைதான். ஆயினும் துடுப்புப் பலகைக்கும் அது நல்ல பாடம். விழ நேர்ந்தால் பலகைக்கு அப்பால், உடம்பைத் தட்டையாக விட்டு விழவேண்டும். ஆழம் குறைந்த நீரிலே தலைகீழாகப் பாய்வது கழுத்தை முறிக்கும். விழுந்த பின், பலகையின் நடுக்கைப்பிடியைப் பற்றி, கால்களை மேலே அடித்து, வயிற்றால் ஊர்ந்து ஏறவேண்டும். இவ்வாறு பத்து முறை ஏறப் பழகாதவரை ஆழத்துக்கு விடக்கூடாது. எந்த ஆபத்திலும் பலகையைக் கைவிட்டு நீந்தலாகாது. அதைவிடப் பெரிய மிதவை அருகில் வேறில்லை. ஆனால் கயிறு எங்கேனும் சிக்கி நீருள் இழுக்கும்போது மாத்திரம் உடனே கழற்றிவிடவேண்டும்.

காற்றையும் பருவத்தையும் அறியாதவன் வாவிக்குப் போகக்கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது மேற்கிலிருந்து அடித்துப் படுவான்கரைப் பக்கத்திலிருந்து தள்ளிக்கொண்டு வரும். காலையில் கண்ணாடி போல் கிடந்த நீர் நண்பகலில் நுரை தள்ளும். நிற்பவனுடைய உடம்பே பாயாகிவிடும். ஆகவே அதிகாலையில் புறப்பட்டு வெயில் ஏறுமுன் திரும்புவதே உத்தமம். போகும்போது காற்றை எதிர்த்துப் போகவேண்டும். களைத்துத் திரும்பும்போது காற்றே கரை சேர்க்கும். காற்று மிஞ்சினால் நிற்பதில் மானம் பார்க்காமல் முழந்தாளிட்டோ, குப்புறப் படுத்தோ வலிக்கவேண்டும். இடிமுழக்கம் கேட்டதும் கரையேறவேண்டும். கடைசி முழக்கத்துக்குப் பின் அரைமணி நேரம் கழியும்வரை இறங்கலாகாது. திறந்த நீர்ப்பரப்பிலே நிற்பவன் இடியை வரவேற்கும் கம்பமாவான்.

மாரி காலத்திலே வெள்ளம் பெருகி முகத்துவாரம் திறந்துவிட்டால், வாவி முழுவதும் கடலை நோக்கி ஓடத் தொடங்கும். பாலமீன்மடுப் பக்கத்து வெளிச்ச வீட்டின் அருகே அழகு அதிகம். அந்நாட்களிலே ஆபத்தும் அதிகம். அந்த ஓட்டத்தில் அகப்பட்ட பலகை கடலலையிலே போய்த்தான் நிற்கும். ஆற்றுவாய் திறந்திருக்கும் நாட்களில் அந்தப் பக்கம் போவதில்லை என்று ஒரு கட்டு வைத்துக்கொள்வோம். வெள்ள நீரோடு எலிக்காய்ச்சலும் வரும் என்பதால், உடலில் காயமுள்ளவர் அக்காலத்தில் நீரைத் தவிர்ப்பதும் அவசியம்.

முதலையைப் பற்றிப் பெரியோர் கேட்பது எமக்குக் கேட்கிறது. வாவியில் முதலைகள் உண்டு. மறைத்துப் பயனில்லை. கண்டல் செறிந்த ஓரங்களையும், ஓடைகள் வந்து விழும் இடங்களையும் விலக்கவேண்டும். அந்திப் பொழுதிலும் விடியற்கருக்கலிலும் அவ்விடங்களை நெருங்கவே கூடாது. பலகையிலிருந்து காலைத் தொங்கவிட்டு இளைப்பாறுவதும், மீன் கழிவையும் இறைச்சிக் கழிவையும் நீரில் எறிவதும் தகாது. எந்த இடத்தில் முதலை கண்டார்கள் என்பதை அன்றன்று துறையிலுள்ள மீனவரிடம் கேட்டறியவேண்டும். அவர்களுடைய வார்த்தையே எமக்குப் பத்திரிகைச் செய்தி.

இதுவரை சொன்னது எம்மைக் காத்துக்கொள்வது பற்றி. இனி, பிறருக்கு இடையூறு செய்யாமை பற்றி. இதனையே நாம் இன்றைய பேச்சின் உயிர்நாடியாகக் கருதுகிறோம். வாவி எமக்கு விளையாட்டு மைதானம். மீனவருக்கோ அது வயல். ஒருவர் நெல் விதைத்த வயலின் நடுவே நாம் பந்தடிக்கப் போவோமா? மிதவைகள் வரிசையாகத் தெரிந்தால் அதன் கீழே வலை இருக்கிறது. அந்த வரிசையைக் குறுக்கே கடக்காமல் முனையைச் சுற்றிப் போகவேண்டும். நட்ட கம்புகளைப் பிடித்து இளைப்பாறக் கூடாது. வீச்சுவலைக்காரர் நிற்குமிடத்தில் நாம் போனால் மீன் கலைந்துவிடும். அவருடைய ஒரு வீச்சு அன்றைய அடுப்பாக இருக்கலாம். தூரத்தே நின்று அவர் கைகாட்டிய பக்கமாகப் போவதே மரியாதை. தவறி வலை கிழிந்தால் ஓடி ஒளியாமல் உரியவரைத் தேடிச் சென்று ஈடு செய்யவேண்டும்.

எதிரே கலம் வந்தால் இருவரும் வலப்பக்கமாக ஒதுங்குவது நீர்வழி முறை. இயந்திர வள்ளம் வரும்போது, "அவன்தான் விலகவேண்டும்" என்று வழக்குப் பேசி நிற்காமல் நாமே ஒதுங்குவோம். வெளிச்சத்துக்கு எதிரே வருபவருக்கு எம்மைத் தெரியாது. 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை மண்முனையிலே பாதையில்தான் சனங்கள் கடந்தார்கள். இத்தகைய பாதை ஓடும் துறை எதுவாயினும், அதன் வழியை மறிக்கலாகாது. அதில் நோயாளியும் இருப்பார், பரீட்சைக்குப் போகும் பிள்ளையும் இருக்கும். கல்லடியிலே பழைய பாலத்தின் தூண்களை அணுகுவது கயிற்றுக்கும் ஆகாது, மேலே தூண்டில் போடுவோருக்கும் ஆகாது.

கோயில் துறைகளைப் பற்றி இந்த மன்றத்திலே நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தீர்த்தமாடும் இடத்திலும், பிதிர்க்கடன் செய்யும் கரையிலும், பெண்கள் குளிக்கும் துறையிலும் பலகைமேல் நின்று வேடிக்கை பார்ப்பது எந்தச் சமயத்தார்க்கும் பண்பாகாது. தேவாலயக் கரைக்கும் பள்ளிவாசற் கரைக்கும் இதே மரியாதை உரியது.

பாடும் மீனைக் கேட்கப் பூரணை இரவிலே போக விரும்புவோர் உண்டு. சுவாமி விபுலாநந்தர் 1947ஆம் ஆண்டு வெளிவந்த தமது யாழ் நூலிலே இவ்வாவியின் இசையைப் போற்றியிருக்கிறார். ஓசையற்ற துடுப்புப் பலகை அந்த இசையைக் கேட்பதற்கு உகந்த வாகனந்தான். ஆனால் இரவுப் பயணம் நன்கு பழகியவருக்கே உரியது. வள்ளக்காரர் ஒருவரையாவது துணைக்கொண்டு, கூட்டமாகப் போகவேண்டும். சிறு கலமாயினும் வெள்ளை ஒளி காட்டும் விளக்கைக் கையோடு வைத்திருக்கவேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. ஒலிபெருக்கிப் பாட்டோடு போகிறவர் பாடும் மீனைக் கேட்கவும் மாட்டார், பிறரைக் கேட்க விடவும் மாட்டார்.

பெரியோர்களே! பிள்ளைகளை நீரிலிருந்து விலக்கி வைப்பதால் அவர்கள் நீருக்குப் போகாமல் இருக்கப் போவதில்லை. உங்களுக்குத் தெரியாமல் போவார்கள். தெரியாமல் போகிறவனைத் தேடுவார் இல்லை. ஆதலால் தெரிந்து போகவும் பழகிப் போகவும் வழி செய்வோம். தம்பிமாரே, தங்கைமாரே! நீங்களும் கட்டுப்பாட்டை ஏற்கவேண்டும். இந்தச் சபையின் முன் ஐந்து யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது, மன்றம் பலகை வாங்குமுன் மிதவைச் சட்டைகளை வாங்கவேண்டும். சட்டையின் எண்ணிக்கைக்கு மேல் ஒருவர்கூட நீரில் இறங்கக் கூடாது. இரண்டாவது, நீச்சல் தெரியாதவருக்கு முதலில் நீச்சல் வகுப்பு நடத்தவேண்டும். மூன்றாவது, துறையிலே ஒரு கொப்பி வைத்து, போகும் நேரமும் திரும்பும் நேரமும் எழுதவேண்டும். தனியே ஒருவரும் போகலாகாது. நான்காவது, ஊதுகுழலும், நீர் புகாத உறையிலிட்ட கைத்தொலைபேசியும் கூடப் போகவேண்டும். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119 என்னும் எண்கள் ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாக இருக்கவேண்டும். ஐந்தாவது, அனுபவமுள்ள மீனவப் பெரியவர் ஒருவரை எமது மன்றத்துக்கு அழைத்து, அவரையே முதல் ஆசிரியராகக் கொண்டு, காற்றையும் நீரோட்டத்தையும் அவரிடம் பாடங் கேட்கவேண்டும். அவருக்குரிய தட்சிணையையும் குறைவின்றிக் கொடுக்கவேண்டும்.

இவ்வைந்தையும் ஏற்றுக்கொண்டால், பலகை வாங்கும் தீர்மானத்தைப் பெரியோர்களே முன்மொழிவார்கள் என்று நம்புகிறோம். ஏற்காவிட்டால் அந்தப் பணத்துக்கு நூல்நிலையத்துக்குப் புத்தகம் வாங்குவதே மேல்.